துலாவும் நிரலும்

கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டோர் கற்பதை மறந்துவிடுவது உலக இயல்பு. நாற்பது வயதைக் கடந்தபின் கணினி நிரல் எழுதப் பழகிய நாமும் அவ்வியல்புக்கு விலக்கல்லோம். நிரலொன்று பிழையின்றி ஓடிவிட்டால், எல்லாம் கற்றுவிட்டோம் என்றே எண்ணினோம்.

கல்லூரித் தேர்ச்சி அறிக்கைகளைத் தயாரிக்கும் நிரலை நாமே எழுதினோம். இரண்டு தவணைகள் குறையின்றிக் கழிந்தன. மூன்றாந் தவணையில் விஞ்ஞான பாடத்துக்குச் செய்முறைப் புள்ளிகளும் சேர்க்கப்பட்டன. கூட்டுத்தொகை காணும் பகுதியைத் திருத்தினோம். நிலை காணும் பகுதி அத்தொகையைத் தானும் தனியே, பழைய முறைப்படி கணித்துக்கொண்டிருந்ததை மறந்தோம். முதலாம் நிலைக்குரிய மாணவிக்கு மூன்றாம் நிலை என அச்சாயிற்று.

மறுநாள் அப்பிள்ளை, தோழியரின் தொகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அறிக்கையை எம்மிடம் நீட்டினாள். “சேர், கூட்டுத்தொகை சரி. நிலைதான் பிழை போல இருக்கு” என்றாள். முதல்நாளிரவு வீட்டில் வாங்கிய ஏச்சு அவள் கண்களில் எஞ்சியிருந்தது.

அன்று மாலை, பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் பழைய மாணவர் ஒருவர் எம் இல்லம் வந்தார். நிரலைப் பார்த்துவிட்டு, “ஒரே கணக்கை எத்தனை இடத்தில எழுதி வைச்சிருக்கிறியள், சேர்?” என்றார். எண்ணினோம், ஐந்து இடங்கள்!

டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை அவர் வழியே அறிந்தோம். சொல்லடைவு தயாரிக்கும் நிரலொன்றை அதில் இருவகையாகப் பகுத்துக் காட்டுகிறார். வேலை நடைபெறும் வரிசைப்படி துண்டாடுவது ஒருவகை. நாளை மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதிக்குள் மறைத்து வைப்பது மற்றையது. பின்னையதே சிறந்தது என்பது அவர் துணிபு. முடிவு மாறும்போது அப்பகுதியைத் திருத்தினாற் போதும். ஏனையவை அதை அறியவும் வேண்டுவதில்லை.

படிக்கும்போதே எம் தந்தையாரின் தோட்டம் நினைவில் எழுந்தது. 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டபோது கிணற்றடியில் நீர்ப்பம்பி ஓய்ந்தது. தந்தையார் பழைய துலாவை மீண்டும் ஏற்றினார். துலா மிதிக்க இருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாறச் சிறுவராகிய நாம். வாய்க்காலை ஒரு சாணேனும் மாற்றி வெட்டவில்லை. மிளகாய்ப் பாத்திகளும் இருந்தபடியே இருந்தன. வாய்க்கால் தலைப்பில் நீர் விழுந்தாற் போதும். அது பம்பியால் ஏறியதா, துலாவால் ஏறியதா என்று பாத்தி வினவுவதில்லை. பார்னாஸ் கூறியதை எம் தோட்டக்காரர் மண்ணிற் செய்து வைத்திருந்தனர். நாமோ அதே தண்ணீரை மாறி வளர்ந்தும் அறியாதிருந்தோம்.

மாணவியின் பெற்றோரிடம் சென்று பிழை எம்முடையதே என ஒப்புக்கொண்டோம். நிரலை முற்றாகப் பிரித்து எழுதினோம். ஒரு மாதம் சென்றது. அடுத்த ஆண்டில் புள்ளியிடும் முறை மீண்டும் மாறியது. ஓரிடத்தில் மட்டுமே கை வைத்தோம். ஆயினும் அப்பிள்ளையின் அறிக்கையை முதலிற் கையாற் கூட்டிப் பார்த்த பின்னரே அச்சுக்கு விட்டோம்.