வயர்தானே என்று எண்ணாதீர்கள்



உங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு கட்டு வயர் கிடக்கும். எது எந்தப் போனுக்கு வந்தது, எது எப்போது வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எறியவும் மனம் வராது. எங்கள் வீட்டில் அவை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன.

அறபுக் கல்லூரியில் ஓதிவிட்டுப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு மௌலவிக்கு வயர் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வயரின் பிழையை என் மகளின் தலையில் போட்டு அவளை அழவைத்தவன் நான். இன்னொரு வயர் பொருந்தாமல், மர்ஹூம் வாப்பாவின் படங்களை இழக்கப் பார்த்தவனும் நான். பட்டதைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பாடங்கள் எல்லாம் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. மகள் அப்போது ஒன்பதாம் ஆண்டு. வீட்டில் அவளுக்குக் கொடுக்க இருந்தது ஒரே ஒரு போன். இரவு முழுக்கச் சார்ஜில் போட்டாலும் காலையில் பார்த்தால் பாதிகூட ஏறியிருக்காது. பத்து மணிக்குப் பாடம் நடக்கும்போதே போன் அணைந்துவிடும்.

"ராவெல்லாம் போன் பாத்திருக்கிறாய்" என்று ஏசினேன்.

"நான் தொடவே இல்ல வாப்பா" என்றாள். நான் நம்பவில்லை. அவளுடைய உம்மா இடையில் புகுந்து பேசியதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிரவு போனை என் அறையில் வைத்துச் சார்ஜ் போட்டேன். காலையில் அதே கதைதான். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானோ வழக்கை மாற்றிக்கொண்டேன். கண்டபடி பாவித்து பற்றரியைக் கெடுத்தவள் அவளே என்று தீர்ப்புச் சொன்னேன். ஆதாரம் வேண்டும், சாட்சி வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான்!

ஊரடங்கு தளர்ந்த பின் போனை டவுனில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் போனைத் திறக்கவே இல்லை. "நீங்க சார்ஜ் போடுற வயரத் தாங்க ஹஸ்ரத்" என்றார். பெருவிரல் அளவான ஒரு சிறிய மீற்றரை இடையில் செருகினார். எங்கள் வயரில் அது 0.4 அம்பியர் காட்டியது. தன்னுடைய வயரை மாற்றிப் போட்டார். 1.6 காட்டியது. போன் அதேதான், சார்ஜரும் அதேதான்.

"போன்ல ஒரு பிழையும் இல்ல. வயர்தான் மெல்லிசு."

பஸ் நிலையத்து நடைபாதையில் 150 ரூபாவுக்கு நான் வாங்கிய வயர் அது. பேரம் பேசி வாங்கியதாக வீட்டில் பெருமையும் அடித்திருந்தேன்.

அந்த இளைஞர் சொன்னதையும் பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். யூ.எஸ்.பி. என்ற இந்த முறை 1996 இல் வந்தது. கணினியோடு சேர்க்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு விதமான வயர் என்றிருந்த தொல்லையைத் தீர்க்க இன்டெல், மைக்ரோசொப்ட், ஐ.பி.எம். முதலான ஏழு கம்பனிகள் சேர்ந்து கொண்டுவந்தார்கள். சாதாரணமான ஒரு கேபிளின் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் உண்டு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் படம், பாடல் போன்ற தகவல்களைக் கொண்டுபோக.

மலிவாகச் செய்பவர் எதில் மிச்சம் பிடிப்பார்? செம்பில்தான். மின்சாரம் ஓடும் கம்பியைத் தலைமயிர் போல மெல்லியதாக்கி, மேலே தடித்த பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவார். வெளியே பார்க்கத் தடிப்பாகத்தான் இருக்கும். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே விழுந்துவிடுகிறது. வயர் நீளமாக நீளமாக இன்னும் விழும். கட்டிலில் படுத்துக்கொண்டே போன் பாவிக்க மூன்று மீற்றர் வயர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு மீற்றரே போதும் என்று சொல்லிவிடுங்கள். சில கேபிள்களின் உறையில் 28, 24 என்று இரண்டு இலக்கங்கள் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிப்பு என்று அர்த்தம். மின்சாரக் கம்பிக்கு 24 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நல்லது. இரண்டும் 28 என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. வெள்ளைக் கம்பியும் பச்சைக் கம்பியும் அறவே இல்லாத கேபிள்கள் விற்கப்படுகின்றன. அவை சார்ஜ் மட்டும் ஏற்றும். வெளிநாட்டிலிருக்கும் மகனின் கல்யாணப் படங்களைப் போனிலிருந்து கணினிக்கு மாற்றப் பார்ப்பீர்கள். கணினி போனைக் கண்டுகொள்ளவே செய்யாது. போன் பழுது என்று யாராவது சொல்லி அழித்துச் சரிசெய்யத் தந்துவிடாதீர்கள். முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். வேறு வயரிலும் தெரியாவிட்டால், அன்ட்ரொயிட் போனில் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் அறிவித்தலில் கோப்புகளை மாற்றுவதற்கான தெரிவை அழுத்த வேண்டும். ஐபோன் என்றால் இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். போனின் பூட்டைத் திறந்து ஆம் என்று சொன்னால்தான் படங்களைக் காட்டும்.

வாய்களின் கதைக்கு வருவோம். பழைய கெமராக்களில் மினி என்ற சற்றுத் தடித்த வாய். அதன் பின் 2007 இல் மைக்ரோ வந்தது. 2012 இல் ஐபோன் தனக்கென்று லைட்னிங் என்ற வாயை எடுத்துக்கொண்டது. 2014 இல் டைப்-சி வந்தது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போகும் முட்டை வடிவான வாய் அது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் புதிய போன்களுக்கும் கெமராக்களுக்கும் டைப்-சி கட்டாயம் என்றாக்கியது. அதற்கு முன்பே, 2023 இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறிவிட்டது.

வாய் ஒன்றானால் வயரும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். டைப்-சி கேபிள்கள் வெளியே இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், உள்ளே வேறு வேறு. சாதாரணமானது 60 வாட்டு வரை தாங்கும். போனுக்கு அது தாராளம். மடிக்கணினிக்கு 100 வாட்டு, 240 வாட்டு என்று எழுதியவை இருக்கின்றன. அவற்றின் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருந்து, தான் எவ்வளவு தாங்குவேன் என்று சார்ஜருக்குச் சொல்லும். 240 வாட்டு வயர் வாங்கினால் போன் விரைவாகச் சார்ஜ் ஆகும் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். ஆகாது. போன் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். ஆனால் சில கம்பனிகளின் அதிவேகச் சார்ஜுக்கு அவர்களுடைய சார்ஜரும் அவர்களுடைய கேபிளுமே வேண்டும். ஆகவே பெட்டியோடு வந்த வயரைப் பிள்ளைகள் மாற்றிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விசயம். மலிவான டோர்ச், சிறிய விசிறி போன்றவற்றில் டைப்-சி வாய் இருக்கும். இரு பக்கமும் டைப்-சி உள்ள வயரைப் போட்டால் சில சார்ஜ் ஆகா. சாமான் பழுதில்லை. ஒரு பக்கம் பழைய அகன்ற தலையுள்ள வயரைப் போட்டுப் பாருங்கள், ஏறும்.

பிழையான வயர் சார்ஜ் ஏற்றாமல் இருந்தாலாவது பரவாயில்லை. கூகிள் பொறியியலாளர் பென்சன் லியுங் 2015 இல் டைப்-சி கேபிள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதத் தொடங்கினார். 2016 பெப்ரவரியில், உள்ளே கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. கற்றவருக்கே இந்தக் கதி.

சரி, கெமராவுக்கு வருகிறேன்.

2009 இல் தம்பி சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது சிறியதொரு நிக்கோன் கெமரா கொண்டுவந்தான். வாப்பா படம் எடுப்பதை விரும்பாதவர். எப்படியோ அவன் சிலதை எடுத்திருந்தான். 2012 இல் வாப்பா மௌத்தானார். கெமரா அலுமாரிக்குள் போனது.

2024 இல் ஒரு நாள் உம்மா கேட்டார்: "அந்தக் கெமராவுல வாப்பாட படம் இருந்திச்சே மகன், எனக்குக் கண்ணு தெரியக்குள்ள பெருசாக்கித் தாங்களேன்." உம்மாவின் பார்வை அப்போதே மங்கிக்கொண்டிருந்தது.

பற்றரியை அதன் சார்ஜரில் போட்டேன். ஆச்சரியம், கெமரா உயிர்பெற்றது. படங்கள் கெமராவின் உள் நினைவகத்திலேயே இருந்தன. கார்ட் போடும் இடமோ பழுது. வயரால் மட்டுமே அவற்றை வெளியே எடுக்கலாம். பிஸ்கட் டின்னில் இருந்த எதுவும் பொருந்தவில்லை. ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு மினி கேபிளை எடுத்து, "பழசு, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்று சொல்லி அழுத்தத் தொடங்கினார். என் நெஞ்சு பதறிவிட்டது. கெமராவைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்ல வேளை. கணினித் துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு அந்த வாயைப் படம் பிடித்து அனுப்பினேன். "சேர், மினிக்கு அஞ்சு முனைதான். உங்கட கெமராவில எட்டு முனை இருக்கு, எண்ணிப் பாருங்க" என்று பதில் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன், எட்டுத்தான். நிக்கோனின் சிறிய கெமராக்கள் பலவற்றுக்கு அப்படித் தனி வயர். இன்னும் அழுத்தியிருந்தால் உள்ளே முனைகள் வளைந்திருக்கும், படங்களும் அதோடு போயிருக்கும்.

கொழும்பு போனபோது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கெமராவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். சாமானைக் கொண்டுபோகாமல் வயர் வாங்கப் போகாதீர்கள். நான்காவது கடையில் ஒரு பெரியவர் பழைய பெட்டியொன்றைக் கிளறி எடுத்துத் தந்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

வீட்டில் கணினியில் செருகினேன், ஒன்றும் வரவில்லை. முகம் வாடிப்போனது. மகள் அருகில் வந்து, "கெமராவ ஓன் பண்ணல்லயே வாப்பா" என்று அழுத்தினாள்.

பதினொரு படங்கள். ஒன்றில் வாப்பா விறாந்தையில் சாரத்தோடு இருக்கிறார். மடியில் மூன்று வயதில் என் மகள். தோடம்பழச் சுளையை உரித்து அவளுக்கு ஊட்டுகிறார். அதைப் பெரிதாக அச்சடித்து உம்மாவிடம் கொடுத்தோம். உம்மா ஒன்றும் பேசவில்லை. விரலால் அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு மகள் பிஸ்கட் டின்னைக் கொட்டி, ஒவ்வொரு வயரையும் போனிலும் கணினியிலும் செருகிப் பார்த்து, பழுதானவற்றை ஒதுக்கினாள். நல்லவற்றுக்குக் கடதாசித் துண்டில் பெயர் எழுதி ஒட்டினாள். 'சார்ஜ் மட்டும்', 'படம் மாத்தலாம்', 'வாப்பும்மாட கெமரா - தொட வேண்டாம்'. அந்த 150 ரூபா வயரும் டின்னுக்குள்தான் இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது பிழை எண்டு தெரிஞ்ச நாள் நீங்க புது வயர மேசையில வெச்சிட்டுப் போனீங்க வாப்பா. என்னோட ஒன்டும் சொல்லல்ல."

நான்கு வருடங்கள் கழித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்துத் தந்தாள். அந்த வயரை நானே வெட்டினேன். உள்ளே செம்பு நூல் போலத்தான் இருந்தது.