அம்மா கையிலும் கொஞ்சம் பணம் இருக்கட்டும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் அப்பா அம்மாவை முதல் முறையாக அங்கே அழைத்துக்கொள்கிறான். ஒரு வாரம் சிங்கப்பூர், மூன்று நாள் மலேசியா. “டீச்சர், நீங்களும் சாரும் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருக்கீங்க. பணம் எங்க மாத்தணும், எப்படிக் கொண்டு வரணும்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டார்” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். அவன் அப்பாவிடம் போனில் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் இருக்கும்.

முதலில் என் நாத்தனாருக்கு நடந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் அவரும் அண்ணனும் ஒரு சுற்றுலாக் குழுவோடு மலேசியா போனார்கள். பத்துமலையில் 272 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்கும்போது அண்ணனுக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே அவருக்கு முகத்தில் ஆக்சிஜன். வெளியே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அண்ணனின் இடுப்புப் பையை நர்ஸ் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். அதில் கார்டு இருந்தது, பின் நம்பர் தெரியாது. போன் இருந்தது, பூட்டைத் திறக்கத் தெரியாது. நூறு டாலர் அமெரிக்க நோட்டு சில இருந்தன, அந்தக் கவுன்ட்டரில் ரிங்கிட் தவிர எதுவும் வாங்க மாட்டார்களாம். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய மனுஷி, ஒரு டீ வாங்கிக் குடிக்கக்கூட கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தார். அங்கே துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ் அம்மாதான் இருபது வெள்ளியைக் கையில் திணித்து, தன் போனிலேயே மகனைக் கூப்பிட்டுப் பேச வைத்தாராம். குழுவோடு வந்த வழிகாட்டி தன் கார்டில் முன்பணம் கட்டினார். அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் நடைப்பயிற்சிகூடப் போகிறார்.

அன்று திருடன் எவனும் வரவில்லை, பணம் ஒரு பைசா குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரே ஆளிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் என் மாணவனின் அப்பாவிடம் நான் முதலில் சொன்னது, உங்கள் வீட்டம்மாவிடம் தனியாகப் பணம் இருக்க வேண்டும் என்பது. “அவளுக்கு எதுக்குங்க டீச்சர், நான்தான் கூடவே இருப்பேனே” என்றார். நாத்தனார் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இனி மாற்றுகிற விஷயம். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடை அல்லது வங்கியில் மட்டும் மாற்றுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு கொண்டுபோக வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகத் தருவார்கள். அதற்கு மேல் கார்டில்தான். நமக்கு அவ்வளவு எதற்கு, தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். ரசீதைத் தொலைக்காதீர்கள். இந்திய ரூபாயாகக் கொண்டுபோவது என்றால் ஆளுக்கு 25,000 வரைதான்.

கடைப் பலகையில் இரண்டு விலை இருக்கும், அவர்கள் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. கூகுளில் நாம் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு கணக்குப் போடாமல் விட மாட்டேன். கூகுளில் ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நாம் வாங்கினால் 71.50, திருப்பிக் கொடுத்தால் 68.50. இருக்கட்டும் என்று 200 வெள்ளி கூடுதலாக வாங்கி, செலவாகாமல் திருப்பிக் கொடுத்தால் 600 ரூபாய் காலி. ‘கமிஷன் கிடையாது’ என்று எழுதியிருந்தால், அதை விலைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இத்தனை ரூபாய் கொடுத்தால் மொத்தம் எத்தனை வெள்ளி கைக்கு வரும் என்று மட்டும் கேளுங்கள், இரண்டு கடையில் கேளுங்கள். விமான நிலையத்தில் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நம் ரூபாயையே மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியில் பார்க்கலாம். இரண்டு ஊரிலும் நம்மவர்கள் ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார்கள். சிங்கப்பூர் வெள்ளியா, மலேசிய வெள்ளியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மதிப்பு ரொம்ப வித்தியாசம்!

நோட்டை எண்ணும் ஆள் கடைசியில் நீங்களாக இருக்க வேண்டும். நீங்கள் எண்ணி முடித்த பிறகு, “கொடுங்க, ஒருமுறை சரிபார்க்கிறேன்” என்று அவர் திரும்ப வாங்கினால், மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும். கிழிந்தது, மை பட்டது இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.

கார்டு கொண்டுபோகிறவர்கள், வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கி ஆப்பில் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். பல கார்டுகளில் அது மூடித்தான் இருக்கும். ஓடிபி வருகிற சிம் அங்கே வேலை செய்யுமா என்றும் பாருங்கள். கடையில் மெஷின் “ரூபாயில் எடுக்கவா?” என்று ஆசையாகக் கேட்கும். வேண்டாம், அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. ஃபாரெக்ஸ் கார்டு வாங்கினால் மாற்றுக் கார்டு தருவார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் அது வீட்டம்மா பையில் இருக்கட்டும். பின் நம்பரை அவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். கிளம்பும் முன் நம் ஊர் ஏடிஎம்மில் உங்கள் டெபிட் கார்டைக் கொடுத்து, அவர் கையாலேயே இரண்டு தடவை பணம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள்.

ரொக்கத்தை எங்கே வைப்பது? செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. எங்கள் தூரத்துச் சொந்தம் ஒருவர் இட்லிப் பொடி டப்பாவுக்குள் டாலரைப் புதைத்துக் கொண்டுபோனார். திருடன் எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த நோட்டை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றன்றைய செலவுக்கு ஒரு சின்ன பர்ஸ், மீதியில் பாதி அவரிடம், பாதி இவரிடம். பெண்களுக்கு நான் சொல்வது பாவாடையின் உள்பக்கம் ஜிப் வைத்த பை. என் அம்மா ராமேஸ்வரம் போனபோது முந்தானையில் முடிந்துகொண்டு போனார், நாம் ஜிப் வைத்துக்கொள்கிறோம். நடுத்தெருவில் அதைத் திறக்காமல் இருக்கத்தான் அந்தச் சின்ன பர்ஸ்.

திரும்பி வந்த பிறகு 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு என்று கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். சில்லறைக் காசுக்கு வரம்பு இல்லை. அதை எந்தக் கடையும் மாற்றித் தராது என்பதால், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

தம்பி, நீ படிப்பாய் என்று தெரியும். அம்மா விமானத்தை விட்டு இறங்கியதும் பத்து வெள்ளி நோட்டாக ஐந்து, உன் போன் நம்பரும் வீட்டு முகவரியும் எழுதிய ஒரு சீட்டு, இரண்டையும் அம்மா கையில் கொடு. அப்பா கையில் வேண்டாம்.

பாவாடைப் பைக்கு அளவு கேட்பவர்களுக்கு: அகலம் ஐந்து அங்குலம், உயரம் ஏழு அங்குலம், ஜிப் மேல்பக்கம். பாஸ்போர்ட்டும் அடங்கும். எங்கள் தெரு டெய்லர் அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார்.