மூன்று கூறு

கரவெட்டியில் கடல் இல்லை. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் படுகிற மீன் நெல்லியடிச் சந்தைக்கு வந்தால்தான் எங்கள் வீட்டில் கறி. அதனால் கடல் தெரியாத மீன்சந்தை எனக்குப் புதினமில்லை. ஆனால், வங்கிக் கோபுரங்களுக்கு நடுவில் ஒன்றை லண்டனில்தான் கண்டேன்.

"கெதியா வெளிக்கிடுங்கோ மாமா, எட்டரைக்கெல்லாம் கட்டிப்போடுவாங்கள்" என்று மருமகன் இருட்டோடு எழுப்பிவிட்டான். கனேரி வோர்ஃபின் கண்ணாடி மாடிகளுக்குக் கீழே பதுங்கிக் கிடக்கிறது பில்லிங்ஸ்கேட். உள்ளே ஐஸ், வெள்ளை மேலங்கி, ஈரத் தரை. பாரை, அறக்குளா, கணவாய் எல்லாம் றெஜிபோம் பெட்டிகளில். ஏலம் கூறும் குரலைத் தேடினேன், இல்லை. ஆளுக்கு ஆள் மெதுவாகப் பேசித்தான் விலை தீர்க்கிறார்கள். இத்தனைக்கும், வாய்கூசும் ஏச்சுப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சந்தையின் பெயர்தான்! அந்தக் காலத்து மீன்காரிகள் சேர்த்துவைத்த புகழ்.

அவர்கள் ஏசிய இடம் இதுவல்ல. பழைய சந்தை தேம்ஸ் கரையில், லண்டன் பாலத்துக்குக் கிட்ட இருந்தது. யாரும் எந்த மீனும் விற்கலாம் என்று 1699இல் சட்டம் வந்தது, விலாங்கைத் தவிர. அதை ஆற்றில் நங்கூரமிட்ட ஒல்லாந்தருக்கே விட்டார்கள். 1666 பெருந்தீயின்போது பசித்த நகரத்துக்கு அவர்கள் சாப்பாடு கொடுத்தார்களாம். நன்றிக்கடனை விலாங்கில் தீர்த்த ஊரை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. டவர் பிரிட்ஜை வரைந்த ஹொரஸ் ஜோன்ஸ்தான் 1877இல் திறந்த சந்தைக் கட்டடத்தையும் வரைந்தவர். தட்டைத் தோல் தொப்பியில் பெட்டி அடுக்கிச் சுமந்த கூலியாட்கள் அங்கே பேர்போனவர்கள். 1982இல் சந்தை ஆற்றங்கரையை விட்டு இங்கே வந்தது. இதுவும் நிலைக்கவில்லை: 2028 வரையாவது நடத்திவிட்டுக் கைவிடுவதென்று 2024 நவம்பரில் லண்டன் சிற்றி நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது.

மருமகன் ஒரு பெட்டி விளைமீன் வாங்கினான். ஒரு வீட்டுக்கு ஏன் இவ்வளவு என்றேன். கார் நிறுத்துமிடத்தில் இன்னும் இரண்டு குடும்பம் காத்து நின்றது. டிக்கியைத் திறந்து, கறுப்புப் பையை விரித்து, மீனை மூன்று கூறாகப் போட்டார்கள். பனையோலை உமல் ஒன்றுதான் குறை. ஒரு பெரிய மீனின் தலை யாருக்கென்பதில் பேச்சு ஏறியது. ஏலம் கேட்காத குறை எனக்கு அங்கே தீர்ந்தது.