ஐந்தாவது குடம்

கூட்டம் காலை 11 மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பத்தரைக்கே போய்விட்டேன். சமுதாய நலக்கூடத்தில் முந்தின நாள் வளைகாப்பு நடந்திருக்கிறது. சுவரில் ஒட்டியிருந்த ஜிகினாத் தாள் எழுத்துகளில் இரண்டு இன்னும் உதிராமல் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றின் மேலேயே 'பகுதி சபைக் கூட்டம்' என்ற பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் அறுபது. முன்வரிசை ஆறுக்கு மட்டும் வெள்ளை உறை.

எனக்கு அங்கே ஓட்டு இல்லை. பகுதி சபையில் பேசுகிற உரிமை அந்தப் பகுதி வாக்காளர்களுக்குத்தான். அதனால் பார்க்கலாம், பேச முடியாது. கதவோரம் வருகைப் பதிவேட்டுக்காகப் போட்டிருந்த மேசையை ஒட்டிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இடம் நல்லதாகப் போயிற்று. எழுத்தர் உட்கார்ந்ததும் அந்த மேசையில்தான். தீர்மானப் புத்தகம் என் கண்ணுக்கு ஒரு முழத் தொலைவில் விரிந்து கிடந்தது.

கிராமத்துக்காரர்களுக்கு இப்படி உட்கார்ந்து பேசுவது பழகிய காரியம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு தடவை கிராம சபை கூடும். 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் உண்டு. நகரத்துக்கு அது வாய்க்கவில்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழு அமைக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. வார்டுக்கும் கீழே, தெருக்காரர்களே கூடுகிற சபைக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 2010-இல் இடம் கிடைத்தது. அதை நடத்துவதற்கான விதிகள் வந்தது 2022-இல். அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார்.

வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதியை மன்றம் நியமிக்கும். பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு குழு, தலைமை கவுன்சிலருக்கு. சபை என்ன செய்யலாம்? எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்று சொல்லலாம், குறையை எடுத்து வைக்கலாம், பரிந்துரைக்கலாம். பணம் ஒதுக்குவது மன்றத்தின் கையில். ஆகவே கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சுவது அந்தப் புத்தகத்தில் எழுதிய வரி ஒன்றுதான். மாடி ஏறி அலுவலகத்துக்குப் போவதும் அதுதான். அங்கே அந்த வரியைப் படிக்கிறவர் இந்தக் கூடத்தில் இருந்தவர் அல்லர்.

பதினொன்றரைக்குக் கவுன்சிலர் வந்தார். முப்பதை ஒட்டிய வயது. உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி என்று 2016-இல் சட்டம் வந்த பிறகு 2022-இல் நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தலில் ஜெயித்தவர். வந்தவுடன் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, மேடைக்குப் போகுமுன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்வரிசைகள் பாதிக்கு மேல் காலி.

வேலை நாளில் பதினொரு மணிக்கு யாரால் வர முடியும்? ஓய்வு பெற்றவர்கள் வந்திருந்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரர்கள் ஃபைலோடு வந்திருந்தார்கள். இரண்டு கடைக்காரர்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஒரு வரிசை. வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கட்டட வேலைக்காரர்களோ ஆட்டோ ஓட்டுகிறவர்களோ கண்ணில் படவில்லை. தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் வாசற்படிக்கு வெளியே, சுவரில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றார்கள். அந்தப் பகுதியில்தான் அவர்களுக்கு வீடும் ஓட்டும். எழுத்தர் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர்களைக் கூப்பிட்டார். போட்டார்கள். போட்டுவிட்டு மறுபடியும் வெளியே போய் நின்றுகொண்டார்கள். பெயரைத் துப்புரவிலிருந்து தூய்மைக்கு மாற்றியாகிவிட்டது. காலி நாற்காலி கண்ணெதிரே கிடந்தும் உட்காராமல் நிற்க எத்தனை தலைமுறைப் பழக்கம் வேண்டும் என்று நினைத்தபோது நான் உட்கார்ந்திருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

மைக் ஒயர் மூன்றாவது வரிசை வரைதான் எட்டியது.

முதலில் பேசியவர் நலச் சங்கச் செயலாளர். பூங்காவில் நடைபாதைக்கு விளக்கு, பள்ளிக்கூடத்து முனையில் வேகத்தடை, தெருநாய்களுக்குக் கருத்தடை. எல்லாமே நியாயமான கோரிக்கைகள். கம்ப்யூட்டரில் அடித்து மூன்று பிரதி எடுத்து வந்திருந்தார். ஒன்றை எழுத்தரிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எழுத்தருக்கு வேலை எளிது. மனுவில் இருந்ததை வரி மாறாமல் புத்தகத்தில் இறக்கினார். 'மின்விளக்கு அமைத்திட', 'வேகத்தடை ஏற்படுத்திட'. புத்தகம் எந்தத் தமிழில் எழுதப்படுமோ அந்தத் தமிழிலேயே பேசத் தெரிந்தவர் அவர். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒன்றும் சிந்தவில்லை.

இப்படியே நாலைந்து பேர். முக்கால் மணி நேரம் போயிற்று.

"பின்னாடி யாராவது பேசணுமா?" என்று கவுன்சிலர் மைக்கில் கேட்டார். பதில் இல்லை. சாவிக்கொத்துப் பெண் பக்கத்திலிருந்த ஆயாவின் முழங்கையை இடித்தாள். ஆயா கையைத் தூக்கவில்லை, தலையை மட்டும் தூக்கினாள். கவுன்சிலர் அதைப் பார்த்துவிட்டார். மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நடுவழியே நடந்து வந்து, ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஆயாவுக்கு எதிரே உட்கார்ந்தார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க ஆயா."

"தண்ணி அஞ்சரைக்கு வருதும்மா. அடிபம்புல. மொத கொடம் கருப்பு, சாக்கடை நாத்தம். ரெண்டாவதும் அதேதான். மூணாவது கலங்கலா வரும். நாலாவது மஞ்சளா இருக்கும், அதுல பாத்திரம் கழுவுவோம். அஞ்சாவது கொடத்துலதான் அடி தெரியும். அதுக்குள்ள கை விட்டுப்போயிரும். ஏழு மணிக்கு நின்னுரும். எங்க வரிசையில பதினாலு வீடு. அஞ்சாவது கொடம் எத்தன பேருக்குக் கெடைக்கும், நீயே சொல்லு."

எனக்குப் பக்கத்தில் பேனா ஓடியது. எட்டிப் பார்த்தேன். 'குடிநீர் தரம் குறித்த புகார் – உரிய நடவடிக்கைக்கு.'

ஐந்து குடமும் பதினாலு வீடும் அந்த வரியில் இல்லை. சாக்கடை நாற்றமும் போய்விட்டது.

எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வார்டு வேலை அவர் தலையில். காலையிலிருந்து பேனர் கட்டி, நாற்காலி போட்டு, தேநீருக்கு ஆள் அனுப்பியதும் அவரேதான். வருஷக்கணக்காக அந்தப் புத்தகம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த தமிழ் அது.

ஆயா நிறுத்தவில்லை. இதற்கு முன்னால் மூன்று முறை புகார் சொல்லியாகிவிட்டதாம். மூன்று முறையும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். "பத்து மணிக்கு வராங்க. லாரித் தண்ணி புடிச்சு வெச்சிருக்கிற டிரம்மப் பாத்துட்டு நல்லாத்தான இருக்குதுன்றாங்க. பேரன் போன்ல மெசேஜ் வந்துருது, புகார் முடிஞ்சுதுன்னு." சொல்லிவிட்டுக் கையை விரித்தாள். அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்தேன். பம்புப் பிடி பட்ட இடம் உள்ளங்கையில் குறுக்காகக் காய்த்து, தேய்ந்த செருப்புத் தோல் மாதிரிப் பளபளத்தது.

நாள் முழுக்கத் தண்ணீர் ஓடாத ஊர்களில் இந்தக் கருப்புக் குடத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கம் பக்கமாகப் போகும். குடிநீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், வெளியிலிருந்து எதுவும் நுழையாது. நிறுத்தியவுடன் குழாய் காலியாகும். விரிசலில், துருப்பிடித்த இணைப்பில், சுற்றியுள்ள மண்ணில் ஊறி நிற்கிற கழிவுநீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதலில் தள்ளிக்கொண்டு வருவது அதைத்தான். குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிற வீடுகள் இருந்தால் இழுப்பு இன்னும் கூடும். அப்படிப் பொருத்தக் கூடாது என்பது விதி. பொருத்துகிறார்கள். மோட்டார் வைத்தவர் வீட்டுத் தொட்டி நிறையும். கடைக்கோடியில் அடிபம்பில் காற்றும் கருப்புத் தண்ணீரும் வரும். ஒரே குழாய், ஒரே வரி. வயிற்றுப்போக்கு மட்டும் கடைக்கோடிக்கு.

ஆயாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. "பெரிய வூடுங்கல்லாம் கொழாயில மோட்டாரு வெச்சிருக்காங்கம்மா. அவங்க போட்டாங்கன்னா எங்க பம்பு வெறும் காத்துதான் அடிக்கும்" என்றாள்.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அது வேற சப்ஜெக்ட் மேடம், தனியா பேசிக்கலாம்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கவுன்சிலர் உடனே பதில் சொல்லவில்லை. முன்வரிசையும் அவருக்கு ஓட்டுப் போட்ட வரிசைதான். போன மாதம் பூங்கா விழாவுக்கு நாற்காலியும் பந்தலும் கொடுத்தவர்கள் என்று கூட்டத் தொடக்கத்தில் அவரே நன்றி சொல்லியிருந்தார். கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்தார், பிரித்தார்.

அந்த இடைவெளியில் ஆயா எழுத்தர் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் சொன்னத எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன் ஆயா."

"எங்க, படி."

அவர் கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் தலையசைத்தார். 'குடிநீர் தரம் குறித்த புகார், உரிய நடவடிக்கைக்கு' என்று படித்தார்.

"இதுவா நான் சொன்னது?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். கொடுத்த காசுக்குச் சில்லறை குறைந்தால் கடைக்காரரிடம் கேட்கிற குரல் அது. எழுத்தருக்குக் காது மடல் சிவந்தது. இத்தனை கூட்டத்தில் அவரிடம் இப்படி யாரும் படித்துக் காட்டச் சொன்னதில்லை போலும்.

"அவங்க சொன்னத அப்படியே எழுதுங்கண்ணே" என்றார் கவுன்சிலர். ஒரு மூச்சு விட்டு, "மோட்டாரையும்" என்றார்.

எழுத்தர் பழைய வரியைக் குறுக்கே அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். புது வரியில் ஆரம்பித்தார். ஆயா சொல்லச் சொல்ல நின்று நின்று எழுதினார். 'முதல் இரண்டு குடம் கருப்பாகவும் கழிவுநீர் நாற்றத்துடனும், மூன்றாவது கலங்கலாகவும்...' அலுவலகத் தமிழும் தெருத் தமிழும் அந்தத் தாளில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வளர்ந்தன. பதினாலு வீடு என்று எழுதி அடைப்பில் எண்ணாகவும் எழுதினார். மோட்டார் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது, பிறகு எழுதியது. முடித்ததும் இந்தத் தடவை யாரும் கேட்காமலே உரக்கப் படித்தார். வாசலில் நின்ற தூய்மைப் பணியாளர்களில் மூத்தவர் ஒரு படி உள்ளே வந்து கேட்டார். எந்த இடத்தில் மேன்ஹோல் பொங்குகிறது, எந்த மூலையில் இரண்டு குழாயும் ஒன்றையொன்று வெட்டிப் போகிறது என்று அவர் சொன்னார். மேடையில் இருந்த குடிநீர்ப் பொறியாளர் முதல் தடவையாகத் தன் டைரியைத் திறந்தார். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, "அங்கயா? உறுதியா தெரியுமா?" என்று கேட்டார். "நான்தான சார் எறங்கி அடைப்பு எடுக்கறேன்" என்றார் அவர். மனிதர் இறங்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்த பிறகும் அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கவுன்சிலர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவர் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல ஆள் அனுப்பி சாம்பிள் எடுக்கறோம்மா" என்றார் பொறியாளர்.

"எத்தன மணிக்குத் தம்பி?"

"ஒரு பத்து மணிக்குள்ள."

ஆயா பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறியாளருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. டைரியில் எழுதியதை அடித்தார்.

எழுத்தர் அதற்குள் புத்தகத்தில் வரியின் முடிவில் ஒரு செருகல் குறி போட்டு, மேலே சின்ன எழுத்தில் 'காலை 5.30' என்று சேர்த்துவிட்டிருந்தார்.

"நானே வரேன் ஆயா. எந்த வீடுன்னு சொல்லுங்க."

"வூடு எதுக்கு, வந்து பம்பாண்ட நில்லு. கொடம் வரிசையா இருக்கும்."