குளியலறையில் இரண்டு கண்ணாடிகள்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் கலைந்தபொழுது, நெய்யாற்றின்கரையில் அண்மையில் குடியேறிய அன்பர் ஒருவர், "தங்கள் வீட்டுக் குளியலறையில் சாளரம் போன்ற கண்ணாடி ஒன்று இருக்கிறதாமே, எங்ஙனம் செய்தீர்கள்?" என்று வினவினார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராக ஊழியம் பார்க்கும் எனக்குக் கட்டடக்கலை தெரியாது. எனினும் கெடுத்துக் கற்றுக்கொண்டதை எழுதுவதில் தவறில்லை அல்லவா?

பாறசாலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறை 5 அடிக்கு 4 அடி. கீழ்ச்சுவரின் உச்சியில் சிறு சாளரம். அதற்கு வெளியே கிளை பரப்பிய பலாமரம். நண்பகலிலும் விளக்கு வேண்டும். குடிவந்த புதிதில், கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடியைச் சுவரோடு ஒட்ட ஆணியடித்து மாட்டினேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திற்கு அது போதும். இங்கோ, வைகாசிக் கடைசியில் தொடங்கும் மழையின் ஈரம் சுவரைவிட்டு நீங்குமுன் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. ஓராண்டிற்குள் கண்ணாடியின் ஓரமெல்லாம் கரும்புள்ளி படர்ந்தது. கடைக்காரரை நொந்துகொண்டேன், குற்றம் என்னுடையதே. 1835-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் கண்ட முறையின் வழியில், கண்ணாடியின் முதுகில் மெல்லிய வெள்ளிப்படலம் படிய வைக்கிறார்கள். அதன்மேல் பூசும் வண்ணம் முதுகைக் காக்கும். வெட்டிய விளிம்பை முற்றும் காவாது. ஈரம் அவ்வழியே நுழைந்து வெள்ளியை அரிக்கும்.

இரண்டாம் முறை விழிப்போடு இருந்தேன். பழைய வீடுகளைப் பிரித்து மரம் விற்பவரிடம் அயினிப்பலகைச் சாளரச் சட்டம் ஒன்று கிடைத்தது. கம்பிகளைக் கழற்றிவிட்டு அதில் கண்ணாடியைப் பொருத்தி, விளிம்பு முழுவதும் சிலிக்கான் பசை பூசி, பின்னால் நான்கு மரத்துண்டுகள் வைத்து, சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே அரை அங்குலம் காற்றோட்டம் விட்டேன். மாட்டிய இடமே முக்கியம்: மெய்ச்சாளரத்திற்கு நேர் எதிரே, மேற்குச் சுவரில். காலை எட்டு மணிக்குப் பலாவிலைகளின் பச்சையும் வெயிலும் அதில் விழுந்து அறையெங்கும் பரவுகின்றன. விருந்தினர் ஒருவர் அதைத் திறக்க முயன்று, கொக்கியைத் தேடியதும் உண்டு!

"எனக்கு நெற்றி மட்டுந்தான் தெரிகிறது" என்று என் மனைவி குறை கூறியபின்பே உயரத்தைப்பற்றி எண்ணினேன். ஐந்தரை அடி உயரமுள்ளவர் தம் முழு உருவத்தையும் காண, அதிற்பாதி நீளமுள்ள கண்ணாடியே போதும். ஆனால் அது அவரவர் கண்மட்டத்திற்கு ஏற்ப இருத்தல் வேண்டும். சட்டத்தை இறக்கினேன். பழைய கண்ணாடியில் புள்ளி விழாத நடுப்பகுதியை அறுப்பித்து, என் மகளுக்காகத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பக்கச்சுவரில் பதித்தேன். அதன் அருகில்தான் என் அன்னையார் அமர்ந்து குளிக்கும் முக்காலி இருந்தது. அதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகள். கணவனை இழந்தவள் கண்ணாடி பாராள் என்பது எங்கள் குடும்பத்துப் பழைய வழக்கம். அன்னையார் கூடத்துக் கண்ணாடியைக் கடக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தலைமுடியை வகிடில்லாமல் அள்ளி முடிந்துகொள்வார். எவரும் அவரைத் தடுத்ததில்லை, 'பாருங்கள்' என்று சொன்னதுமில்லை, நானும் சொல்லவில்லை.

இப்பகுதியிலோ கண்ணாடிக்கு வேறு மதிப்பு. விஷுக்கனியில் அண்டைவீட்டார் கண்ணாடி வைக்கிறார்கள். 1888-இல் இந்த நெய்யாற்றங்கரை அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிட்டை செய்த நாராயண குரு, 1927-இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோடத்தில் பிரதிட்டை செய்தது ஒரு கண்ணாடியையே. அவருக்கும் முற்பட்டவரான அய்யா வைகுண்டரின் (1809–1851) சாமித்தோப்புப் பள்ளியறையிலும் கண்ணாடி இருக்கிறது. சென்ற ஆண்டு அன்னையாரை அங்கே அழைத்துச் சென்றோம். எல்லாரோடும் அவரும் அதன்முன் கைகூப்பி நின்றார், முகத்தைத் திருப்பவில்லை. திரும்பும் வழியில் ஒன்றும் பேசவுமில்லை.

சில கிழமைகள் கழித்து, குளித்து வந்த அவர் தலையில் வகிடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்ததைக் கண்டேன். தாழ்ந்த கண்ணாடியின் கீழ்விளிம்பில் திருநீறு சிந்தியிருந்தது. வீட்டில் தாழிட்டுக்கொள்ளத்தக்க அறை அது ஒன்றுதான். நான் எதுவும் கேட்கவில்லை.

தைமாதம் ஊரிலிருந்து பெரியம்மா வந்தார். குளியலறையைவிட்டு வெளியே வந்ததும் வராததுமாக, "அவ உக்காருற இடத்துலயா கண்ணாடி மாட்டுவ? கழத்திப் போடுல" என்றார். பெரியவர் சொல், மறுக்கத் துணிவில்லாமல் திருப்புளியைத் தேடினேன் என்பதை ஒளிப்பானேன்? அடுக்களையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது: "கெடக்கட்டும்ல. பிள்ளை தலை சீவணும்லா."

என் மகள் இவ்வாண்டில் வளர்ந்து, பெரிய கண்ணாடியிலேயே தலை சீவுகிறாள். சிறியதன் விளிம்பில் ஓரிடத்தில் பசை பிரிந்திருக்கிறது. வைகாசி மழைக்குமுன் அதை அடைத்தாக வேண்டும்.