கிளாஸ்கோவின் ஆறு தொகுதிகள்

நான் கிளாஸ்கோக்காரன், டொரன்டோவில் குடியேறிப் பல காலம். வெளிநாட்டில் இருப்போரின் வாக்குரிமைக்கான 15 ஆண்டு வரம்பை 2024 ஜனவரியில் பிரிட்டனில் நீக்கினார்களே, அந்தப் புண்ணியத்தில் அந்த ஆண்டு ஜூலை 4 பொதுத்தேர்தலுக்குப் பெயர் பதிந்தேன். தபால் வாக்குச்சீட்டு என்னவோ தேர்தல் முடிந்த பிறகுதான் வந்தது!

ஊரில் இரவு 10 மணி, இங்கே மாலை 5. வாக்குப்பதிவு முடிந்ததும் வெளியான கருத்துக்கணிப்பை அலுவலக மேசையிலேயே பார்த்தேன். முடிவுகள் வந்தபோது, 2019இல் 48 இடம் பிடித்த ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 9க்குச் சுருங்கியிருந்தது. கிளாஸ்கோவின் ஆறு தொகுதிகளும் லேபர் கட்சிக்கு. ஆட்சியிலிருந்த டோரிகள் (கன்சர்வேடிவ் கட்சியினர்) போனதில் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் நாடு முழுக்க 34 சதவீத வாக்குகள்கூட வாங்காத லேபருக்கு 411 இடங்கள்! இது எந்த ஊர் நியாயம்? எடின்பரோவில் உள்ள ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1999 முதல் விகிதாசாரம் கலந்த முறைதான். வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களே, அடுத்த முறை தபாலை நம்பாதீர்கள். உங்களுக்குப் பதிலாக ஓட்டுப் போட ஊரில் ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.