உசிலம்பட்டியில் நிற்காத ரயில்

மலைக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தனியார் படுக்கை ரயில் ஒன்று வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். சென்னையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறிப் படுத்தால் வெளுத்த விரிப்பு, நாறாத கழிப்பறை, விடிந்ததும் காபி, ஜன்னலுக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை. ஆசை நியாயமானதுதான். சாட்சிக்கு ஐரோப்பாவைக் காட்டுவார்கள். செக் நாட்டின் ரெஜியோஜெட் நிறுவனம் பிராகிலிருந்து டாட்ரா மலையடிவாரத்துப் போப்ராட் வழியாக இரவு ரயில் ஓட்டிவந்திருக்கிறது. ஸ்வீடனில் ஸ்னெல்டோகெட் தெற்குக் கோடியிலிருந்து பனிச்சறுக்கு மலைகளுக்கு இரவு முழுக்க ஆட்களை ஏற்றிப் போகிறது. 2023-இல் பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் தடத்தில் தொடங்கிய யூரோப்பியன் ஸ்லீப்பர், 2025 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வெனிஸ் வரை ஒரு ரயிலை விட்டுப் பார்த்தது. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது என்பது கேள்வி.

எழுமலையிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வியே வேறு மாதிரி தெரிகிறது. ஊருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. வடகிழக்கே, பேருந்தில் இருபது கிலோமீட்டருக்குள், உசிலம்பட்டி ரயில் நிலையம். இந்த ஊர்க்காரருக்கு மலை சுற்றுலாத் தலமல்ல. ஆடு மேய்க்கவும், அமாவாசைக்குச் சதுரகிரி ஏறவும், ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகவும் உள்ள இடம். ரயில் என்பது சென்னையில் பிழைக்கப் போன பிள்ளை வந்து இறங்கும் வண்டி. ஆகவே ஒரு மலை ரயிலை எடைபோட நான் வைக்கும் அளவுகோல், அதை ஓட்டுவது அரசா தனியாரா என்பதில்லை. எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்துக்கும், வேண்டியவருக்கு வேண்டிய தூரத்துக்கு, ஒற்றை டிக்கெட் விற்கிறதா என்பதுதான். அந்த அளவுகோலில் ஐரோப்பியத் தனியார் ரயில்கள் தேறுகின்றன. நம் நாட்டில் தனியார் ரயில் என்ற பெயரில் ஓடுபவை தேறவில்லை.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். மதுரை–போடிநாயக்கனூர் பாதை 90 கிலோமீட்டர். 1928-இல் போடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில்தான் மறுபடியும் ரயில் வந்தது. பிறகு அகலப் பாதையாக்குவதற்காக 2010 டிசம்பர் 31-உடன் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் திரும்பி வர 2022 மே ஆயிற்று, போடி வரை வர 2023 ஜூன் 15. பன்னிரண்டரை வருடம்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். மதுரை–தேனி வரையிலான 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. முழுக்கப் பொதுப் பணம். போடி திறந்த அன்றே, மதுரையோடு நின்றுகொண்டிருந்த சென்னை சென்ட்ரல் வண்டியைப் போடி வரை நீட்டினார்கள். இரவு பத்தரை வாக்கில் சென்னையில் எடுக்கிற அந்த வண்டி, காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு மதுரைக்கு வந்து, காலை எட்டு மணி சுமாருக்கு உசிலம்பட்டி, ஒன்பதரைக்குப் போடி. வாரத்தில் மூன்று இரவுகள். மலையடிக்குப் போகும் இரவுப் படுக்கை ரயில் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் அரசு ரயிலாக. இதைச் சொன்னால் பல சென்னைக்காரர்களே ஆச்சரியப்படுவார்கள்.

அதன் கடைசித் தூரம், தமிழ்நாட்டு ரயில் பயணங்களில் பலரும் தூங்கிக் கோட்டைவிடும் நல்ல பகுதி. மதுரையை விட்டதும் நாகமலைத் தொடர் கொஞ்ச தூரம் துணைக்கு வரும். பிறகு கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் மானாவாரி நிலம். உசிலம்பட்டியில் பாதிப் பெட்டி எழுந்து, இருக்கைக்கு அடியிலிருந்து பைகளை இழுக்கும். அங்கிருந்து ஆண்டிபட்டிக் கணவாய். அகலப் பாதைக்காகக் குடைந்து அகலப்படுத்திய பாறை, ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் வெட்டு வாயோடு நிற்கும். துளைபோட்ட கம்பியின் தடம் சில பாறைகளில் நேர்கோடாகத் தெரியும். வண்டி அங்கே வேகத்தைக் குறைத்துத் தவழும். கணவாய் தாண்டினால் காற்றே வேறு. தேனியில் வண்டி பெரும்பாலும் காலியாகிவிடும். போடியில் இறங்குகிறவர்களில் மூணாறு போகும் குடும்பம் கொஞ்சம், ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரி கொஞ்சம், மற்றவர்கள் சொந்த ஊருக்கு வருகிறவர்கள். இந்தக் கலவைதான் ரயிலைக் கட்டுப்படியாக்குகிறது. மூணாறு பயணியை மட்டும் நம்பி விட்டால் மழைக்காலத்தில் படுக்கைகள் காற்று வாங்கும். தேனிக்காரரை மட்டும் நம்பினால் நடுவாரத்தில் வாங்கும்.

தனியார் ரயில் விஷயத்தில் நம் நாட்டில் நடந்தது என்ன? 2020 ஜூலையில் 109 தடங்களில் 151 ரயில்களைத் தனியாரிடம் விட ரயில்வே அழைப்பு விடுத்தது. முப்பதாயிரம் கோடி முதலீடு வரும் என்றார்கள். தடங்களைப் பன்னிரண்டு தொகுப்புகளாகப் பிரித்தார்கள், சென்னையும் ஒரு தொகுப்பு. ஒரு வருடம் கழித்து விலைப்புள்ளி வந்தது மூன்று தொகுப்புகளுக்குத்தான், அவற்றில் சென்னை இல்லை. திட்டம் அப்படியே கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 2021 நவம்பரில் வந்தது பாரத் கௌரவ். பெட்டிகளை வாடகைக்கு எடுக்கலாம், இழுவைக் கட்டணம் கட்டலாம், கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கலாம். ஆனால் சாதாரணமாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு டிக்கெட் விற்க முடியாது. தங்குமிடம், சாப்பாடு, சுற்றிக்காட்டல் எல்லாம் சேர்ந்த தொகுப்பாகத்தான் விற்க வேண்டும். இதன் கீழ் நாட்டிலேயே முதல் ரயில் 2022 ஜூன் 14-இல் கோவையிலிருந்துதான் கிளம்பியது, ஷீரடிக்கு. கோவில் பார்க்கப் போகிறவருக்கு அது வசதியாகவே இருந்திருக்கும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இதே ஏற்பாட்டில் சென்னையிலிருந்து போடிக்கு ஒரு ரயில் விட்டால், அது மூணாறு விடுதி அறையோடு சேர்த்து விற்கப்படும். உசிலம்பட்டியில் வண்டி நின்றாலும், எழுமலைக்காரருக்கு அதில் ஏறவோ இறங்கவோ சீட்டு கிடையாது. பொதுப் பணத்தில் போட்ட ஒற்றைப் பாதையில், எதிர்வண்டிகளை நிலையத்தில் காக்க வைத்துவிட்டு, அது ஊரைக் கடந்து போகும்.

மலையேறும் பகுதியிலேயே இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. 2020 டிசம்பரில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலை ஒரு தனியார் நிறுவனம் வாடகைக்கு எடுத்து, ஒரு சீட்டு மூவாயிரம் ரூபாய் என்று விற்றது. வழக்கமான ரயிலில் சில நூறு ரூபாயில் போகிற தூரம் அது. கூச்சல் எழுந்ததும், இது தனியார்மயம் அல்ல, வாடகை ஓட்டம்தான் என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது. சட்டப்படி விளக்கம் சரிதான். கொரோனாவால் வழக்கமான ரயில் நின்றிருந்த சமயத்தில், இருக்கிற ஒரே ரயில் அதுவாக இருந்தது என்பதுதான் ஜனங்களுக்கு உறைத்தது.

தனியார் கட்சிக்காரர்களின் வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு. பயணச் செலவில் 57 விழுக்காட்டைத்தான் வசூலிக்கிறோம் என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்துக் காட்டியது. நஷ்டத்தில் ஓட்டுகிறவர் எப்படிப் புது வண்டி விடுவார்? வசதியுள்ளவரிடம் முழு விலை வாங்கத் தனியாரை விட்டால் ரயில்வேக்கு வாடகை நிச்சயம், நஷ்டம் இல்லை. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அரசு ரயில் என்றால் ஏழைகளின் ரயில் என்று பாட்டுப் பாடவும் நான் தயாரில்லை. மூத்த குடிமக்களுக்கு இருந்த 40, 50 விழுக்காட்டுச் சலுகையை 2020 மார்ச்சில் எடுத்தவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. படுக்கை ரயிலில் ஒரே படுக்கை ஓர் இரவில் இரண்டு முறை விற்கும்: சென்னையிலிருந்து சேலம் வரை ஒருவர், கரூரிலிருந்து தேனி வரை இன்னொருவர். தொகுப்பு ரயிலில் அந்தப் படுக்கை போகவர ஒருவருக்கே சொந்தம், அவர் மலையில் சுற்றும் நாட்களில் வண்டியும் சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்பதற்கும் சேர்த்துத்தான் பயணி பணம் கட்டுகிறார். ரெஜியோஜெட்டில் உட்காரும் இருக்கைக்கும் சீட்டு உண்டு, படுக்கைக்கும் உண்டு, நடுவழி ஊர்களுக்கும் உண்டு. தண்டவாள உபயோகத்துக்குக் கட்டணம் கட்டிவிட்டு, அரசு ரயிலோடு போட்டி போட்டு, அதே நடைமேடையில் நின்று ஆள் ஏற்றுகிறது.

நிற்கும் வண்டியைப் பற்றிப் பேசும்போது மதுரையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை நிலையத்தை ஒட்டிப் போடி லைனில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த பெட்டி. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் தேநீர் போடப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். இதைத் தனியார் ரயிலுக்கு எதிரான ஆதாரமாகக் காட்டுவது அநியாயம், சாதாரண ரயிலிலும் சிலிண்டர் ஏறாமல் இல்லை. ஆனால் ஒரு பெட்டியை மொத்தமாக ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டால் அதற்குள் யார் பார்ப்பது என்ற கேள்வி மங்கிவிடுகிறது. டிக்கெட் பரிசோதகர் நடந்து போகும் பெட்டிக்கும், பூட்டிய வீடு மாதிரி ஒதுங்கி நிற்கும் பெட்டிக்கும் வித்தியாசம் உண்டு.

வரலாற்றையும் கேட்கலாம். போடிக்கு மேலே, மூணாறில் தேயிலைக் கம்பெனி 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டது. 1908-இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் வரும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு வண்டி கட்டிப் போடி. அசல் தனியார் மலை ரயில், திறமையாகவும் ஓடியது. 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் யாரும் திருப்பிப் போடவில்லை. அது சரக்குக்காகப் போட்ட பாதை, சரக்குக்கு வேறு வழி கிடைத்ததும் அதன் வேலை முடிந்தது. நீலகிரியிலோ கதை வேறு. அங்கே பாதை போட வந்த கம்பெனி 1894-இல் திவாலானது. புதுக் கம்பெனி ஒன்று 1899-இல் குன்னூர் வரை ரயிலைக் கொண்டுவந்தது. 1903-இல் அரசு வாங்கிக்கொண்டது. 1908-இல் ஊட்டி வரை நீண்டது. இன்றும் ஓடுகிறது. மலையில் ரயில் என்பது நஷ்டத்தைத் தாங்கிப் பல வருடம் காத்திருக்கும் வேலை. அந்தப் பொறுமை கம்பெனிக் கணக்குக்குப் பெரும்பாலும் கட்டாது.

ஆம்னி பஸ் இருக்கிறதே என்பார்கள். ஆமாம், தனியார் இரவுப் படுக்கை வண்டி நமக்குப் புதிதல்ல. மலையூர்களுக்குத் தினமும் போகிறது, வழியில் இறக்கியும் விடுகிறது. என் அளவுகோலில் ஆம்னி பஸ் தேறிவிடும், ஒப்புக்கொள்கிறேன். தீபாவளி, பொங்கல் என்றால் கட்டணம் எகிறுவதும், போக்குவரத்துத் துறை சோதனைக்குக் கிளம்புவதும் வருடாந்திரச் சடங்கு. அதைக் கட்டுக்குள் வைக்கும் ஒரே ஆயுதம், அதே இரவில் அதே ஊருக்கு ஓடும் ரயில். ரயில் இல்லாத நான்கு இரவுகளில் அந்த ஆயுதம் இல்லை.

எந்த ரயிலானாலும் சரி, கார் குறைந்தால் போதாதா என்று சுற்றுச்சூழல் ஆர்வலர் கேட்கலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்க வேண்டிய நிலை. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டது. மலை தாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் ரயில் போடியோடு நின்றுவிடும். அங்கிருந்து மூணாறு 70 கிலோமீட்டர், போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் பதினேழு. தொகுப்பு ரயிலில் வந்தவரை வாடகைக் கார்களும் வேன்களும்தான் மேலே ஏற்றும். சென்னையிலிருந்து வரும் கார் குறையும், மலையில் கார் குறையாது. மலையில் குறைய வேண்டுமானால் ரயில் வரும் நேரத்துக்குப் போடி நிலைய வாசலில் பேருந்து நிற்க வேண்டும். தினமும் ஆட்கள் இறங்கினால்தான் தினமும் பேருந்து நிற்கும்.

என் யோசனை இதுதான். மீதமுள்ள நான்கு இரவுகளையும் தனியார் கேட்டால் கொடுத்துவிடலாம். பெட்டிக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும், காபிக்கு எந்த விலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நிபந்தனை மூன்று: இப்போதைய ரயில் நிற்கும் எல்லா நிலையத்திலும் நிற்க வேண்டும், எங்கிருந்தும் எங்கேயும் ஒற்றை டிக்கெட் தர வேண்டும், முன்பதிவில்லாப் பெட்டி குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதற்கு முதலில் தொகுப்பாக மட்டும்தான் விற்கலாம் என்ற விதியை ரயில்வே தளர்த்த வேண்டும், தண்டவாளமும் சிக்னலும் வைத்திருப்பவரே போட்டியாளராகவும் இருப்பதால் நடுவர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். 2021-இல் சென்னைத் தொகுப்புக்கு யாரும் வராததைப் பார்த்தால், இந்த நிபந்தனைகளோடு போடிக்கு ஒருவர் வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. வராவிட்டால், வாரம் மூன்று நாள் ஓடும் வண்டியைத் தினசரியாக்கும் வேலை ரயில்வேயின் தலையில்தான் விழுகிறது.